கம்பி ஓடும் வழி

சிக்குக் கோலத்தைப் படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோலம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். மார்கழி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் விடிந்ததும் கேமராவோடு நடந்தால் வாசலுக்கு ஒரு கோலம் கிடைக்கும். போட்டவர் அதற்குள் உள்ளே போயிருப்பார். தரையில் கிடப்பது முடிந்துபோன உருவம். எந்த மூலையில் கை தொடங்கியது, எந்தப் புள்ளியைச் சுற்றி எப்போது திரும்பியது, எங்கே நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், எதுவும் அந்தப் படத்தில் இருக்காது.

போட்டோ, அச்சு, கணினி நிரல் ஆகிய மூன்றிலும் கை வைத்துப் பிழைத்தவன் நான். அந்தப் படத்தில் விடுபட்டுப் போகிற பகுதிதான் படத் தொழிலின் உயிர் என்று இப்போது நம்புகிறேன். ஒரு படம் எந்த வரிசையில் உண்டானது என்பதைப் போட்டோ மறைத்துவிடுகிறது. அச்சு அதைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வைக்கிறது. நிரல் எழுத உட்கார்ந்தால் ஒவ்வோர் அடியையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ராஜபாளையத்தில் தொடங்கி சிவகாசி போய், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசல்களில் வந்து நின்ற என் வேலையை அந்த வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பழகியது ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், பிலிம் காலம் முடியப் போகும் சமயத்தில். கறுப்பு வெள்ளை பாஸ்போர்ட் படங்கள், கல்யாண ஆல்பம், மில் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் படங்கள். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பேப்பர்தான் அலமாரியில் இருக்கும். வாரம் ஒருவராவது நாயோடு வருவார்கள். ராஜபாளையம் நாய் தூய வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. பக்கத்தில் நிற்பவர் வெள்ளை வேட்டி. பின்னால் சுண்ணாம்புச் சுவர். மூன்று வெள்ளையையும் தனித்தனியாகக் காட்டுவது கேமராவின் வேலை இல்லை, டார்க் ரூமில் என்லார்ஜருக்குக் கீழே நிற்பவரின் வேலை. வெளிச்சம் பேப்பரில் விழும்போது விரல்களைக் குவித்து, நாயின் மேல் மட்டும் கூடுதலாக இரண்டு நொடி விழவிட்டு, முகத்துக்குக் குறைத்து, கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கையின் நிழல் கோடாக விழுந்துவிடும். அந்த அசைவுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் படம். ஆனால் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியதும், கேமரா ‘கிளிக்’ என்று எடுத்தது என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

நெகட்டிவ் டச்சிங்கும் அப்படித்தான். பென்சில் முனையை ஊசியாகச் சீவிக்கொண்டு, நெகட்டிவின் மேல் டச்சிங் மீடியம் தடவி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும் பெட்டியின் கண்ணாடியில் வைத்து, கண்ணுக்குக் கீழே விழுந்த குழியையும் அம்மைத் தழும்பையும் நிரப்புவோம். நெகட்டிவில் நிழல் ஒளி புகும்படி தெளிவாக இருக்கும். அங்கே பென்சில் ஏறினால் பேப்பரில் அந்த இடம் வெளுக்கும். கோடு கோடாக இழுத்தால் தெரிந்துவிடும் என்பதால் நுண்ணிய சுழிகளாகப் போடுவோம். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் முகத்தை ஒருபோதும் முழுதாகப் பார்க்க மாட்டார். நெற்றி, பிறகு இடது கன்னம், பிறகு மூக்கின் ஓரம். வரிசை மாறினால் அவருக்குக் கை ஓடாது.

போட்டோவுக்கும் ஓவியத்துக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதைத் தென்மாவட்டத்து ஸ்டுடியோக்கள் எப்போதோ அறிந்திருந்தன. காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் சில காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதுகிறவராக ஊர் ஊராகப் போனவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கினார். அவரும் சீடர்களும் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் போட்டோ எடுப்பதும் அதற்கு வண்ணம் தீட்டுவதும் சாமிப் படம் எழுதுவதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன் என்று அங்கிருந்து வந்தவர்களின் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நம் வீட்டுப் பூஜை அறைகளிலும் கடைக் கல்லாவுக்கு மேலும் ஏறின. அந்த முருகனின் கன்னத்தில் உள்ள மென்மை, டச்சிங் பென்சிலைப் பிடித்துப் பழகிய கைக்கு உடனே பிடிபடும். நாடகத் திரையின் ஆழமும் ஸ்டுடியோ விளக்கின் மெருகும் அந்தச் சாமிகளின் முகத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

பிலிம் போனதும் நான் சிவகாசிக்குப் போனேன். அந்த ஊரின் அச்சுத் தொழிலுக்கு விதை போட்டது தீப்பெட்டி. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீக்குச்சி செய்யக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ வேண்டும். ஜெர்மனியில் ஆலோய்ஸ் செனெஃபெல்டர் 1790-களில் கண்டுபிடித்த முறை அது. எண்ணெய்ப் பசை உள்ள கோடு மையை வாங்கும், ஈரமான கல் மையைத் தள்ளும். கல்லுக்குப் பதில் துத்தநாகத் தகடு வந்தது, பிறகு அலுமினியத் தட்டும் ஆப்செட்டும் வந்தன. நான் போனபோது தட்டுப் போடும் பிரிவில் பழைய ஆட்கள் சிலர் இருந்தார்கள். அதில் மூத்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அவர் நாலு கலரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற பழக்கத்தையே எங்களிடமிருந்து பிடுங்கி எறிந்தார். “படத்தப் பாக்காதீய. மஞ்சள் எங்க இருக்கு, அத மட்டும் பாருங்க” என்பார். ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால் மஞ்சள் தட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்தே முழுப் படத்தையும் சொல்லிவிடுவார்.

நாலு கலர் அச்சு எல்லாம் புள்ளிகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு வண்ணத்தின் புள்ளி வரிசையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். நீலம் 15 டிகிரி, கறுப்பு 45, சிவப்பு 75, மஞ்சள் 0. கோணம் தவறினால் இரண்டு வரிசைகள் ஒன்றோடொன்று மோதி, படத்தில் இல்லாத அலைகள் பட்டை பட்டையாக எழும். இதைப் புத்தகத்தில் படிக்கலாம். நான் கண்ணால் கண்டது எங்கள் ஊர்ச் சரக்கில்தான்.

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியிலும் சுற்று ஊர்களிலும் மருத்துவமனைக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் காஸ் துணி. அதற்கு ஒரு விலைப்பட்டியல் புத்தகம் அச்சிட வந்தது. துணியை மிக அருகில் எடுத்த படம். துணியில் நூலின் கட்டம், அச்சில் புள்ளியின் கட்டம், இரண்டும் சேர்ந்ததும் படம் முழுக்க மயில் தோகை விரித்தாற்போல் வளையங்கள் கிளம்பின. துணி வியாபாரிக்கு அது பிழை. அண்ணாச்சிக்கு ஒரு கணக்கு. படத்தைச் சில டிகிரி திருப்பச் சொன்னார், வளையம் பெரிதாயிற்று. இன்னும் திருப்பச் சொன்னார், சிறுத்து மறைந்தது. இரண்டு கட்டங்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது அலை பெரிதாகும், கோணம் விலக விலக அலை சுருங்கும். அவர் திருப்பிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சோதனைத் தாளை எடுத்து நான் வைத்துக்கொண்டேன். யாரும் வரையாத படங்கள் அவை. இரண்டு எளிய கட்டங்களைக் கொடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பினால் போதும், மூன்றாவதாக ஓர் உருவம் தானே பிறக்கிறது. விதியிலிருந்து படம் பிறப்பதை நான் முதலில் உணர்ந்தது கணினியில் இல்லை, அந்தத் தட்டறையில்தான்.

சிவகாசி அச்சகத்தின் இன்னொரு செல்வத்தையும் சொல்ல வேண்டும். எந்திரத்தை ஓட்டி மையைச் சரிசெய்யும்போது நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். ஏற்கெனவே அச்சான தாளையே திரும்பத் திரும்ப விடுவார்கள். ஒரே தாளில் சரஸ்வதி, பட்டாசுப் பெட்டியின் மூடி, பள்ளி நோட்டு அட்டை, ஊறுகாய் லேபிள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். அந்தத் தாள்களில் எது முதலில் விழுந்தது, எது பிறகு என்று மையின் பளபளப்பை வைத்துப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது.

பிறகு சொந்தமாக அச்சு செய்யத் தொடங்கினேன். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் உள்ள அச்சுப் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்த ஆசை. செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பை மட்டும் துடைத்தெடுக்க விறைப்பான சல்லாத் துணி வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைப்பார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. சத்திரப்பட்டிக் காஸ் துணியைக் கஞ்சியில் முக்கி, வெயிலில் காயவைத்து, கையால் கசக்கிப் பதம் செய்தால் அருமையாகத் துடைக்கும். கஞ்சி அதிகமானால் தகட்டைக் கீறும், குறைந்தால் பள்ளத்திலிருந்து மையை உறிஞ்சிவிடும்.

அதே துணியை வைத்து நீல அச்சும் செய்தேன். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்ட முறை. ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்து தாளில் பூசி, மேலே பொருளை வைத்து வெயில் காட்டி, தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும். அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிந்து புத்தகமாக்கத் தொடங்கினார். பழைய பொறியியல் வரைபடங்களை நாம் ‘ப்ளூ பிரிண்ட்’ என்று சொன்னதும் இந்த முறையால்தான், எந்திரங்களை நம்பி வாழும் மில் ஊர்க்காரர்களுக்கு அந்த நீலம் புதிதில்லை. காஸ் துணியை இரண்டு மடிப்பாகத் தாளின் மேல் போட்டு ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் வைத்தேன். துணி காற்றில் சற்றே நகர நகர, அச்சகத்தில் பார்த்த அதே அலைகள் நீலத்தில் வந்தன. கேமரா இல்லை, மை இல்லை, கணினி இல்லை.

இந்த இடத்தில்தான் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேறு கண்ணோடு போக ஆரம்பித்தேன். படங்களைப் பற்றி யோசிக்கிறவனுக்கு அந்த ஊரைப் போல் ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. ஆண்டாள் தான் சூடிய மாலையோடு எட்டிப் பார்த்தாள் என்று காட்டப்படும் கண்ணாடிக் கிணறு கோயிலுக்குள் இருக்கிறது. வடபத்ரசாயி சந்நிதியின் பதினோரு நிலைக் கோபுரம்தான் தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது என்பது ஊராரின் உறுதி. மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த அந்தச் சின்னத்தில் உள்ளது மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. எதுவானாலும், சுதைச் சிற்பக் காட்டைச் சில கோடுகளாக இறக்கி, உறையின் மூலையில் கட்டைவிரல் அளவில் அச்சானாலும் கோபுரம் என்று தெரியும்படி நிறுத்தியது தேர்ந்த கை.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது ஆண்டாளின் கிளி. அம்மனின் இடக்கையில் இருக்கும் அந்தக் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுகிறது. உடலுக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம்பூ, கட்டுவதற்கு வாழை நார். இன்று சார்த்தியது நாளைக்கு இல்லை. அச்சுக்கலையில் ஒரே தட்டிலிருந்து பல படிகள் எடுக்கிறோம், தட்டு பத்திரமாக இருக்கும் வரை படம் பத்திரம். இந்தக் கிளிக்குத் தட்டும் கிடையாது, நெகட்டிவும் கிடையாது. இலையை எப்படி மடிப்பது, எதற்குப் பிறகு எதைக் கட்டுவது என்ற வரிசை மட்டும் கை மாறிக் கை மாறி வருகிறது. அந்த வரிசை அறுந்தால் கிளி இல்லை.

கோலமும் அதே வகை. பெண்கள் வைத்திருக்கும் கோல நோட்டைப் பாருங்கள். “15 புள்ளி, 8 வரை, சந்துப் புள்ளி” என்று எழுதியிருக்கும். நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும், ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் விழும். மொத்தம் 169 புள்ளிகள் மூன்று சொற்களில் அடங்கிவிட்டன. நிரல் எழுதுகிற எவரும் பொறாமைப்படும் சுருக்கம் இது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கணினி வரைகலை ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். சொற்களைச் சேர்த்து வாக்கியம் ஆக்கும் விதிகளைப் போல, புள்ளிகளையும் வளைவுகளையும் சேர்த்துக் கோலம் ஆக்கும் விதிகள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் கணினி ஓவியங்களுக்கான கண்காட்சி நடந்தது 1965-இல். அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தாம்பரத்தில் இந்தக் கட்டுரை. விதிமுறைக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கட்டுரைக்கு முதல் அத்தியாயத்திலேயே இடம் தர வேண்டும்.

நான் பயன்படுத்துவது கேஸி ரீஸும் பென் ஃப்ரையும் 2001-இல் ஓவியர்களுக்காகத் தொடங்கிய ‘புராசஸிங்’ என்ற மென்பொருள். கோலத்துக்கு நான் வைத்துக்கொண்ட விதி எளியது. நேர்ப்புள்ளி வைத்த கட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கம்பிகள், அதாவது கோலக் கோடுகள், ஒன்றையொன்று வெட்டிக் கடக்கலாம், அல்லது வெட்டாமல் திரும்பிவிடலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பக்கம், ஆகவே 16 வாய்ப்பு. திருப்பிப் பார்த்தால் ஒன்றாகும் உருவங்களைச் சேர்த்துவிட்டால் ஆறே உருவங்கள். நாலு பக்கமும் திரும்பினால் வட்டம், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் கண்ணீர்த் துளி, நாலும் திறந்தால் சாய்சதுரம், மற்றவை இடைப்பட்டவை. நான் இதுவரை எழுதிய நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலங்கள் எல்லாமே இந்த ஆறு உருவங்களில் அடங்கிவிட்டன.

எல்லா இடத்திலும் கம்பி வெட்டிக் கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அழகான விடை இருக்கிறது. நீளத்தில் உள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் அகலத்தில் உள்ளதற்கும் மீப்பெரு பொதுக்காரணி எதுவோ, அத்தனை கம்பிகள். 5-க்கு 7 வைத்தால் ஒரே கம்பி. 4-க்கு 6 வைத்தால் இரண்டு. 5-க்கு 5 வைத்தால் ஐந்து. அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் விரலால் வரையும் சோனா ஓவியங்களிலும் இதே கணக்கு ஓடுகிறது. மொசாம்பிக்கில் வாழ்ந்த கணித அறிஞர் பாலஸ் கெர்டெஸ் அவற்றை விரிவாக ஆராய்ந்தவர், தமிழ்க் கோலத்தையும் அவற்றோடு வைத்துப் பார்த்தவர்.

5-க்கு 5 கட்டத்தில் அக்கம்பக்கப் புள்ளி ஜோடிகள் 40. ஒவ்வொன்றிலும் கடக்கலாம் அல்லது திரும்பலாம் என்றால் மொத்த வாய்ப்புகள் சுமார் 1,10,000 கோடி. பெரும்பாலானவை பார்க்கச் சகிக்காது. நாலு பக்கமும் ஒன்றுபோல் சுழல வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டதும் அது 1,024 ஆகச் சுருங்குகிறது. இந்த 1,024-ஐயும் ஸ்டுடியோவில் முன்பு காண்டாக்ட் பிரிண்ட் போடுவதுபோல் சின்னச் சின்னதாகத் தாள்களில் அச்சடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன்.

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் கம்பியைப் பின்தொடர்ந்தே ஒவ்வொன்றையும் பார்த்தார். கண்ணால் பார்த்துவிட்டுத் தள்ளுகிற வேலையே இல்லை. “இது ஆகாதுய்யா. உள்ள ஒரு வட்டம் தனியாக் கெடக்கு, யாரோடயும் சேரல.” “இதப் போடலாம், ஆனா நடுவுல நெரிசலா இருக்கு, மாவு ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கும்.” இன்னொன்றை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இதுல கால எங்கய்யா வைக்க?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. எழுந்து நின்று காட்டினார். அதைப் பெரிதாகப் போட்டால், ஒரு கட்டத்தில் முன்பு போட்ட கோட்டை மிதிக்காமல் அடுத்த கோட்டுக்குப் போக வழியில்லை. என் நிரலுக்குக் கால் இல்லை. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு பாதம் நிற்க இடம் வேண்டும் என்ற விதி அதில் எங்கும் எழுதப்படவில்லை.

அன்று அவர் ஒதுக்கி வைத்தவை ஒரு கைப்பிடித் தாள்கள். அவற்றில் ஒன்றை மறுநாள் விடியும் முன்பே வாசலில் போட்டார். அன்றைக்குத்தான் நான் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். ஒரே கம்பிக் கோலம் அது. என் நிரல் அதை ஒரு புள்ளியில் தொடங்கி, கை எடுக்காமல் ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து முடிக்கும். கோலத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் ‘கை எடுக்காமல் ஒரே கோட்டில்’ என்றுதான் வியந்து எழுதுகிறார்கள். பெரியம்மா அப்படிப் போடவே இல்லை. ஒரு மூலையில் வளைவுகளைப் போட்டார், அதே வளைவுகளை எதிர் மூலையில் போட்டார், பிறகு மற்ற இரண்டு மூலை, கடைசியில் நடுவில் எல்லாவற்றையும் இணைத்தார். இணைந்த பிறகு அது ஒரே கம்பி. கணக்குக்கு ஒன்று, கைக்கு ஐந்து துண்டு. அந்த ஐந்து துண்டும் பிசகாமல் சேரும் என்ற நம்பிக்கை அவர் கையில் முன்பே இருக்கிறது. இது சிறிய விஷயம் இல்லை. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் (1924–2023), 1968-இல் கணினி கைக்குக் கிடைக்கும் முன்பே, 1959 முதல் ‘கற்பனை எந்திரம்’ ஒன்றைத் தன் மனதுக்குள் வைத்துக்கொண்டு விதிப்படி கையால் வரைந்தார். கலை உலகம் அவரைக் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். எங்கள் தெருக்களில் அந்த எந்திரம் வாசலுக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவுப் படங்கள் வந்துவிட்டன. கல்யாண பேனர், காலண்டர் மாதிரி, கடைத் திறப்பு விழா அழைப்பு என்று எங்கள் பக்கத்து டிசைன் சென்டர்களிலும் அவை புழங்குகின்றன. நானும் பயன்படுத்திப் பார்த்தேன். ‘சிக்குக் கோலம்’ என்று கேட்டால் நொடியில் செம்மண் தரை, வெள்ளைக் கோடு, ஓரத்தில் பூசணிப்பூ எல்லாம் வருகிறது. பெரியம்மா செய்ததுபோல் விரலை வைத்துக் கம்பியைத் தொடர்ந்தால் பாதியில் கம்பி அறுந்து நிற்கிறது. சில புள்ளிகளைச் சுற்றி ஒன்றுமே இல்லை, சில இடங்களில் புள்ளியின் மேலேயே கோடு ஏறிப் போகிறது. அந்த எந்திரமும் படிப்படியாகத்தான் வேலை செய்கிறது. வெறும் இரைச்சலில் தொடங்கி, தான் கற்ற கோடிக்கணக்கான படங்களின் சாயலுக்கு அதை அடி அடியாக நகர்த்துகிறது. ஆனால் அதன் அடிகள் வேறு, கோலத்தின் அடிகள் வேறு. அது கற்றது முடிந்த கோலங்களின் போட்டோக்களை, விடிந்த பிறகு வந்தவர்கள் எடுத்தவற்றை. புள்ளி வைத்த கையின் வரிசை அந்தப் படங்களில் இல்லாததால் அதற்கும் கிடைக்கவில்லை. இந்தக் கருவிகள் நாளைக்கு இன்னும் தேறலாம். கோல உருவத்தை எத்தனை அழகாகத் தந்தாலும், வரிசையை அறியாத படத்தைக் கோலம் என்று நான் ஏற்க மாட்டேன். இன்னொன்றும் உறுத்துகிறது. கொண்டையராஜுவின் படங்களில் கீழே ஒரு மூலையில் அவர் பெயர் இருந்தது, சீடர்களும் தங்கள் பெயரைப் போட்டார்கள். அந்த முகங்களை எல்லாம் அரைத்துக் குழைத்து வரும் புதிய முருகனின் கீழே மூலை காலியாக இருக்கிறது.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது ஒரே கோலத்தின் இரண்டு அச்சுகள். இரண்டுக்கும் முதலில் புள்ளித் தட்டு. அதன்மேல் கம்பியை, உண்டான நேரத்தின்படி ஐந்து தட்டுகளாகப் பிரித்து ஐந்து வண்ணத்தில் ஏற்றுகிறேன். முதல் அச்சில் வண்ணங்கள் நிரல் ஓடிய வரிசையில் மாறும், கம்பியின் நீளம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டாவதில் பெரியம்மாவின் வரிசையில் மாறும், மூலை மூலையாக, கடைசி வண்ணம் நடுவில். கறுப்பில் மட்டும் அடித்தால் இரண்டும் ஒரே படம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பிரிக்க முடியாது.

சோதனைப் படிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியம்மாவுக்கு இரண்டாவதில் ஒரு குறை. “அன்னைக்கு வடக்கு மூலையில ஆரம்பிச்சேன், சரிதான். எப்பவும் அப்படி இல்லய்யா. தண்ணி தெளிச்சது எங்க முதல்ல காயுதோ அங்கதான் முதல்ல போடணும். காஞ்ச மண்ணுல மாவு ஒட்டாது.” வாசலின் சரிவு எந்தப் பக்கம், வாறுகால் எங்கே ஓடுகிறது, எந்த வீட்டுச் சுவர் காற்றை மறைக்கிறது, இவற்றைப் பொறுத்துத் தொடங்கும் மூலை மாறும் என்று விளக்கினார். அதே தெருவில் எதிர் வீட்டுக்காரி தெற்கிலிருந்துதான் தொடங்குவாளாம்.

ஆகவே நிரலில் ஈரத்தையும் ஒரு கணக்காகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வாசல் சரிவை அளக்க ஒரு ரசமட்டம் வாங்கி வைத்திருக்கிறேன். எதிர் வீட்டு வாசலுக்கும் தனியாக ஐந்து தட்டு செதுக்க வேண்டும்.